வளைகுடா வேலைக்குப் பணம் கட்டும் முன்: கடனில் சிக்காமல் போய் வருவது எப்படி

பத்து வருஷம் வெளிநாட்டில் உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று திரும்புகிறவர்களின் வரவு செலவைப் பிரித்துப் பார்த்தால், சம்பளம் குறைவு என்பது இரண்டாவது காரணமாகத்தான் வரும். முதல் காரணம், விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிய கடன். அதனால் இந்த வழிகாட்டி விசாவில் தொடங்கவில்லை, வட்டியில் தொடங்குகிறது.

2015-இல் எடுத்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு, இங்கிருந்து வெளிநாடு போனவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றது. மழையை நம்பி ஒரு போகம் மட்டும் பார்க்கும் ராமநாதபுரம், சிவகங்கை வானம் பார்த்த பூமியும், கடைமடைக்குத் தண்ணீர் வந்தால்தான் உண்டு என்ற நாகப்பட்டினமும், புதுக்கோட்டை, அரியலூர், கள்ளக்குறிச்சிப் பக்கமும் இதற்குப் பழகிப்போன ஊர்கள். ஊரில் வேலையே இல்லாமல் போகிறவர் குறைவு. கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 25 நாள் வேலை இருந்தால் 22,500 ஆகிறது. ஆனால் அந்த 25 நாள் எல்லா மாதமும் வராது. வந்த பணம் அன்றன்றே கரைந்துவிடும். தங்கை கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ ஒரு பெரிய தொகையாகத் திரளாது. அப்படித் திரட்டத்தான் வெளிநாடு. ஆகவே அங்கே என்ன சம்பளம் என்பதை விட, ஒப்பந்தம் முடிகிறபோது கையில் எவ்வளவு திரளும் என்பதே பார்க்க வேண்டிய எண்.

வழிச்செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவது நேற்று வந்த வழக்கமும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்தபோது முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' சீட்டோடுதான் ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற முடிந்தது. 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. இன்றைக்குச் சீட்டு இல்லை, வட்டிக்காரரிடம் புரோநோட்டு இருக்கிறது.

முதலில் ஒரு தாளில் போட வேண்டிய கணக்கு

எமிரேட்ஸில் ஒரு ஹெல்பர் வேலை, சம்பளம் 900 திர்ஹாம், தங்குமிடம் கம்பெனி, சாப்பாடு சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு ஒரு திர்ஹாம் 23 ரூபாய். மாதம் 20,700.

இதில் மெஸ்ஸோ சொந்தச் சமையலோ, சாப்பாட்டுக்கு 300 திர்ஹாம். போன் ரீசார்ஜ், சோப்பு, முடிவெட்டு, ஒரு மாத்திரை என்று 100. மிச்சம் 500 திர்ஹாம், அதாவது 11,500 ரூபாய். ஊரில் வீட்டுச் செலவுக்கு 6,000 என்று மிகவும் சுருக்கிப் போட்டால் கடனுக்குக் கொடுக்க 5,500 நிற்கும்.

ஏஜென்டுக்கு 1,20,000 கட்டியிருக்கிறீர்கள், அது மூணு வட்டிக்கு வாங்கியது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். முதல் மாத வட்டி மட்டும் 3,600. நீங்கள் அனுப்பும் 5,500-இல் அசலுக்குப் போவது 1,900. மாதாமாதம் அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து கடன் தீர 36 மாதம் ஆகும். ஒப்பந்தமோ 24 மாதம். இரண்டு வருஷம் முடிந்து ஊருக்கு வரும்போது அசலில் ஏறக்குறைய பாதி, சுமார் 54,600 ரூபாய், அப்படியே நிற்கும். அதை அடைக்க இன்னொரு ஒப்பந்தம். இந்த இடத்தில்தான் ஆள் மாட்டுகிறார், சம்பளம் ஒழுங்காக வந்தும்கூட.

அதே வேலைக்குச் சட்டப்படியான கட்டணம் 35,400 மட்டும் கொடுத்து, அதையும் வீட்டு நகையை வங்கியில் வைத்து மாதம் ஒரு வட்டிக்கு எடுத்திருந்தால்? அதே 5,500-ஐ அனுப்பினால் ஏழு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மீதி 17 மாதச் சேமிப்பு உங்களுடையது.

உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்: முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதுவரை ஓடும் வட்டியையும், போனதும் சாப்பாட்டுக்குத் தேவைப்படும் 500, 600 திர்ஹாமையும் கடனோடு சேர்த்து எழுத வேண்டும். கடன் தீர எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றால் அந்த வேலைக்குப் பேரம் பேசுங்கள், இல்லையென்றால் விடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்குக் காலம் கடனுக்கே போவது தாங்கக்கூடிய எல்லை. நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு சம்பளத் தாமதம் வந்தாலும் சமாளிக்கலாம்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை இது: வங்கி அல்லது கூட்டுறவுச் சங்க நகைக்கடன், சுயஉதவிக் குழுக் கடன், உறவினர், கடைசியாகத் தனியார் வட்டி. தனியாரிடம் போனால் நிரப்பாத புரோநோட்டிலும் தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்துப் போடக் கூடாது. கொடுக்கும் ஒவ்வொரு தவணையும் வட்டிக்கா அசலுக்கா என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதை ஊரில் இருப்பவர் செய்ய வேண்டும். தவணையை வங்கி வழியாகவே அனுப்பினால் இந்தச் சண்டை பாதி குறையும். அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாதவருக்கு அது உதவுவது சிரமம்.

ஏஜென்டைப் பார்ப்பது

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 'டிராவல்ஸ்' என்ற போர்டும் ஜி.எஸ்.டி. எண்ணும் அந்தப் பதிவு ஆகாது. அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. அங்கே பெயரையும் பதிவு எண்ணையும் போட்டு நாலு விஷயம் பாருங்கள்: பதிவு இப்போது நடப்பில் உள்ளதா, அல்லது நிறுத்திவைக்கப்பட்டதா, முகவரி நீங்கள் போன அலுவலகத்தின் முகவரியோடு ஒத்துப்போகிறதா, போன் எண் அதேதானா, காலாவதித் தேதி எது. பதிவில்லாத ஏஜென்டுகளின் பட்டியலும் அதே தளத்தில் இருக்கிறது. அதையும் ஒரு முறை தேடிவிடுங்கள்.

வேறொருவரின் பதிவு எண்ணை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்வது வழக்கமான மோசடி. பட்டியலில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு, "இந்த ஊரில் இன்னார் உங்கள் ஆள்தானா, இந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறீர்களா" என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஊர்ப் புரோக்கர், சப்-ஏஜென்ட் என்ற பதவியே சட்டத்தில் கிடையாது. அவர் மாமன் மச்சானாகவே இருந்தாலும் அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான ஊர்களில் 35,400 ரூபாய் ஒரு லட்சத்தைத் தாண்டுவது இந்த இடைக் கைகளில்தான்.

ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய உச்சபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400. வங்கி வழியாகச் செலுத்தி, கட்டணம் எதற்கு என்று எழுதிய ரசீது வாங்க வேண்டும். "ரசீது போட்டால் கூடுதலாகும்" என்பவரிடம் எழுந்து வந்துவிடுவது நல்லது. பதிவு பெற்றவரிடம் போவதன் நிஜமான பலன் இன்னொன்று: அவர் அரசிடம் 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் வைத்திருக்கிறார், நூறு பேர் வரை அனுப்பும் சிறு ஏஜென்டுக்கு 8 லட்சம். வேலை இல்லாமல் நடுத்தெருவில் நின்றால் உங்களைத் திரும்பக் கொண்டுவர அரசு கை வைக்கக்கூடிய பணம் அது. புரோக்கரிடம் அப்படி எதுவும் இல்லை.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இருக்கிறது. வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, எடுக்க நாளாகும். அவசரம் இல்லாதவர் அங்கே பதிந்துவைக்கலாம். செவிலியர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற கைத்தொழில் உள்ளவர் கட்டாயம் பதிய வேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை

பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். அப்படிப்பட்டவர் சவூதி, எமிரேட்ஸ், கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் 200 ரூபாய். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைப் பார்க்கும் குடிபெயர்வுக் காப்பாளர் அலுவலகம் சென்னையில் உள்ளது. இந்த அனுமதியோடு கட்டாயமாக வருவது பிரவாசி பாரதிய பீமா காப்பீடு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். கம்பெனி மாறினாலும் செல்லும்.

ஏஜென்ட் இதைத் தவிர்க்கச் சொல்லும் வழி விசிட் விசா. "இப்போதைக்கு விசிட்டில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்பார். விசிட்டில் போகிறவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டியதில்லை. அதோடு ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, இந்திய அரசின் கணினியில் நீங்கள் எந்தக் கம்பெனிக்குப் போனீர்கள் என்ற பதிவும் இல்லை. விசிட் காலம் முடிந்த பிறகு தங்கினால் ஒவ்வொரு நாளும் அபராதம் ஏறும். முதலாளி சம்பளம் தராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க நீங்கள் அவர்கள் கணக்கில் தொழிலாளியே அல்ல. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு ஈ.சி.ஆர். பிரச்சினை இல்லாததால் அவர்கள்தான் இப்போது விசிட்டில் அதிகம் ஏமாறுகிறார்கள். தாய்லாந்தில் 'டேட்டா என்ட்ரி' என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லைக்கும் கம்போடியாவுக்கும் கடத்தி ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைக்கும் கும்பல்கள் பற்றி 2022 முதல் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்து வருகிறது. டைப்பிங் வேலைக்கு டிக்கெட் இலவசம், சம்பளம் லட்சத்துக்கு மேல் என்று டெலிகிராமில் வந்தால் அதைப் பற்றி விசாரிக்கக்கூட வேண்டாம்.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்துள்ள பெண்கள் வீட்டு வேலைக்குப் போக 30 வயது முடிந்திருக்க வேண்டும். அதுவும் அரசு ஏஜென்சி வழியாக மட்டும். தனியார் புரோக்கர் விசா வாங்கித் தருகிறேன் என்றால் அது சட்டப்படியான வழி அல்ல.

விசா எந்த வகை என்று பார்ப்பது

'ஃப்ரீ விசா', 'ஆசாத் விசா' என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் ஒரு விசா இல்லை. யாரோ ஒருவர் பெயரில் விசா எடுத்து, வெளியில் நாம் வேலை தேடிக்கொள்வதற்கு வைத்த பெயர் அது. விலை மூன்று நான்கு மடங்கு. சவூதிக் கணக்கைப் பாருங்கள்: சவூதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகம் இருக்கும் கம்பெனி ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் மாதம் 800 ரியால் வரி கட்ட வேண்டும், தொழிற்சாலை போன்ற விலக்குகள் தவிர. வருஷத்துக்கு 9,600. இக்காமா என்ற தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க 650. ஆக 10,250 ரியால், இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். கம்பெனி கட்ட வேண்டிய இந்தத் தொகையை ஃப்ரீ விசாக்காரர் கஃபீலுக்கு, அதாவது விசா எடுத்துக் கொடுத்த உள்ளூர் முதலாளிக்குத், தன் கையிலிருந்து கொடுக்கிறார். போதாக்குறைக்குக் கஃபீலின் லாபம் வேறு. ஒரு வருஷம் கட்ட முடியாமல் போனால் இக்காமா காலாவதி, வேலையை விட்டு ஓடிப்போனார் என்று கஃபீல் கொடுக்கும் 'ஹுரூப்' புகார், பிறகு ஊருக்கு வருவதே கஷ்டம்.

வீட்டு டிரைவர், வீட்டுக் காவலாளி விசாவை அதிகம் விற்பதற்கும் காரணம் இதுவே. வீட்டு வேலை விசாவுக்கு அந்த 800 ரியால் வரி பெரும்பாலும் கிடையாது. அதில் போய்க் கடையில் வேலை செய்தால் பிடிபடும்போது குற்றவாளி நீங்கள்தான். குவைத்தில் இதே கதை 18, 20 என்ற எண்களில் நடக்கிறது: கம்பெனி வேலைக்கு 18-ஆம் பிரிவு, வீட்டு வேலைக்கு 20-ஆம் பிரிவு. கம்பெனி என்று சொல்லி 20 கொடுத்தால் போக வேண்டாம். விசா தாளில் தொழில் என்ற இடத்தில் அரபியில் எழுதியிருப்பதைக் கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் படியுங்கள். வெல்டருக்கு வந்த விசாவில் ஆடு மேய்ப்பவர் என்று இருப்பது நடக்காத விஷயம் அல்ல.

ஒப்பந்தத்தில் எதைப் படிப்பது

"1,500 திர்ஹாம் சம்பளம்" என்று ஏஜென்ட் சொல்வது பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கு, ஓ.டி., சாப்பாட்டுப் படி எல்லாம் சேர்த்து. நீங்கள் கேட்க வேண்டியது எட்டு மணி நேரத்துக்கு பேஸிக் எவ்வளவு என்பது. எல்லாமே பேஸிக்கில்தான் நிற்கிறது. எமிரேட்ஸ் சட்டத்தில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 48. மேலே செய்தால் பேஸிக்கில் 25 சதவீதம் கூட்டி, இரவு 10 முதல் விடிகாலை 4 வரை என்றால் 50 சதவீதம் கூட்டி. மொத்தம் 1,200 திர்ஹாம் என்ற சம்பளத்தில் பேஸிக் 600, படி 600 என்று பிரித்திருந்தால், ஒரு மணி நேர ஓ.டி. 3 திர்ஹாம் 12 ஃபில்ஸ். தினம் இரண்டு மணி நேரம், 26 நாள் செய்தால் 162 திர்ஹாம். அதே 1,200-ம் பேஸிக்காக இருந்தால் 325. வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியும் இப்படியே: முதல் ஐந்து வருஷம் வருஷத்துக்கு 21 நாள் பேஸிக். 600 என்றால் இரண்டு வருஷத்துக்கு 840 திர்ஹாம்; 1,200 என்றால் 1,680.

கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச பேஸிக் 1,000 ரியால். சாப்பாடு கம்பெனி தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 கூடுதல். கத்தாருக்குப் போகிறவர்கள் சென்னையில் உள்ள கத்தார் விசா மையத்துக்குப் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் அங்கேயே, செலவு முதலாளியுடையது. ஒப்பந்தத்தைத் திரையில் உங்கள் மொழியில் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். ஏஜென்ட் சொன்ன சம்பளத்துக்கும் திரையில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் அங்கேயே மறுக்கலாம். விமானம் ஏறாமல் தப்பிக்கும் கடைசிக் கதவு அது. வெளியில் நிற்கும் புரோக்கர், "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, அங்கே போனா வேற கான்ட்ராக்ட்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட வைப்பார். நீதிமன்றத்தில் நிற்பது திரையில் கையெழுத்திட்டது மட்டும்.

எமிரேட்ஸில் வேலை வாய்ப்புக் கடிதத்தை அங்குள்ள மனிதவளத் துறையே தன் கணினியிலிருந்து கொடுக்கிறது. அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவது மொழியாகத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். அதில் உள்ள எண்ணைத் துறையின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. ஆகவே "விசாவுக்கு இவ்வளவு, டிக்கெட்டுக்கு இவ்வளவு" என்று ஏஜென்ட் பட்டியல் போட்டால் கம்பெனியின் நேரடி எண்ணைக் கேட்டுப் பேசுங்கள். இரண்டு பக்கமும் வாங்கும் ஏஜென்ட் இந்த இடத்தில் தொகையைக் குறைப்பார்.

மெடிக்கலில் பணம் போகாமல் இருக்க

வளைகுடா நாடுகளுக்கு, வஃபித் என்ற அந்நாடுகளின் இணையவழி மருத்துவப் பதிவு முறையில் ஒதுக்கப்பட்ட மையத்தில் பரிசோதனை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, காசநோய் ஆகியவை அன்ஃபிட். எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் பெரும்பாலும் அன்ஃபிட்தான். ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் உள்ளூர் லேபில் நெஞ்சு எக்ஸ்ரேயும் மஞ்சள் காமாலை இரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டால் பின்னால் ஏஜென்டிடம் பணம் திருப்பிக் கேட்டு அலைய வேண்டியதில்லை. மெடிக்கலுக்குக் காலாவதி உண்டு. விசா உறுதியாகும் முன்பே ஏஜென்ட் அவசரப்படுத்தினால் இரண்டாம் முறையும் நீங்களே கட்டும்படி ஆகும்.

கிளம்பும் முன்

சென்னையில் அரசு நடத்தும் ஒரு நாள் புறப்பாட்டுப் பயிற்சிக்குப் போய் வாருங்கள், இலவசம். அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதியுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்து ஈ.சி.ஆர். இல்லாதவருக்குக் கட்டாயக் காப்பீடு இல்லை என்பதால் வாரியத்தின் காப்பீடு அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

வீட்டில் ஒரு கவரில் வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டின் முதல் கடைசிப் பக்க நகல், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, ஏஜென்ட் ரசீது, கம்பெனியின் பெயரும் முகவரியும், அங்கே கூட வேலை செய்யும் ஒருவரின் எண். போய்ச் சேர்ந்ததும் இக்காமா அல்லது எமிரேட்ஸ் ஐடியின் படத்தையும் அனுப்பிவிடுங்கள். யாருக்காவது ஏதாவது நேரும்போது ஊரில் இருப்பவர்கள் முதலில் தடுமாறுவது, "எந்தக் கம்பெனி, எந்த ஊர்" என்ற கேள்விக்கு.

தெரிந்தவர் கொடுக்கும் பார்சலில் மருந்து இருந்தால் வாங்காதீர்கள். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, சில இருமல் மருந்துகள் அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வரும். கசகசாவும் அப்படித்தான்; குருமாவுக்குப் போடுகிற அரைக் கைப்பிடிக்காகச் சிறைக்குப் போகும் வாய்ப்பு உண்டு.

பணம் அனுப்புவது

வெளிநாடு போனதும் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடு வாழ் இந்தியரின் உள்ளூர் வருமானத்துக்கான) கணக்காக மாற்ற வேண்டும். அனுப்பும் பணத்துக்கு ஓர் என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. எக்ஸ்சேஞ்சில் ரேட்டை மட்டும் பார்க்காமல் கட்டணத்தையும் சேர்த்து, ஊரில் எத்தனை ரூபாய் விழும் என்று கேளுங்கள். மாதம் ஒரே தடவை அனுப்பினால் கட்டணம் மிச்சமாகும்.

உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஹவாலாவில், அனுப்பினால் ரேட் கொஞ்சம் கூடக் கிடைக்கும். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். இப்போது நடக்கும் இன்னொரு சிக்கல்: உண்டியல்காரர் உங்கள் மனைவியின் கணக்கில் போடும் பணம் எங்கோ ஆன்லைனில் ஏமாந்தவருடையதாக இருந்தால், சைபர் கிரைம் போலீஸ் அந்தக் கணக்கையே முடக்கிவிடுகிறது. மத்தியப் பிரதேசத்திலோ குஜராத்திலோ பதிவான வழக்குக்கு இங்கிருந்து விளக்கம் எழுத வேண்டும். கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் அதற்குள் நின்றுபோகும். உங்கள் ஏ.டி.எம். கார்டையோ சிம்மையோ ரூம்மேட்டுக்குக் கொடுப்பதும் இதே வம்பு.

வீட்டுக்கு அனுப்பும் தொகையை முதல் மாதமே ஒரே அளவாக நிறுத்திவிடுங்கள். கடன் இருக்கும்போது வீடு கட்டத் தொடங்குவதுதான் இரண்டாவது பெரிய பள்ளம். பாதியில் நிற்கும் கான்கிரீட் தூண்களுக்கு வட்டி மட்டும் நிற்காது.

சம்பளம் நின்றால்

ஒரு மாதம் தாமதம் என்றால் பொறுக்கலாம். இரண்டாவது மாதமும் இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும். வேலை செய்த நாட்களைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்; டைம் ஷீட்டைப் படம் எடுங்கள். சம்பளம் வங்கி வழியாக வருவது கட்டாயம் என்ற நாடுகளில் வங்கிக் கணக்கு விவரமே உங்கள் சாட்சி, அதனால் 'கையில் வாங்கிக்கோ' என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையை விட்டு ஓடிப்போவது கடைசியிலும் கடைசி. ஓடினால் புகார் கொடுக்கும் உரிமை முதலாளி கைக்குப் போய்விடும். முதலில் அந்த நாட்டுத் தொழிலாளர் துறையில் புகார். எமிரேட்ஸில் இந்தியர்களுக்கான உதவி மையத்தின் இலவச எண் 800 46342. மற்ற நாடுகளில் இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவு. ஊரிலிருந்து குடும்பத்தினர் 'மதத்' என்ற அரசுப் புகார் இணையதளத்தில் பதியலாம், அல்லது வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090 என்ற எண்ணிலும் அயலகத் தமிழர் நலத் துறையின் 1800 309 3793 என்ற எண்ணிலும் பேசலாம். புகாருக்குக் கெடு உண்டு: சவூதியில் வேலை முடிந்து 12 மாதத்துக்குள், எமிரேட்ஸில் இரண்டு வருஷத்துக்குள். ஏஜென்ட் ஏமாற்றியது தனி வழக்கு. அதை இங்கே காவல் நிலையத்திலும் குடிபெயர்வுக் காப்பாளரிடமும் கொடுக்க வேண்டும், ரசீது வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்திருப்பது பல இடங்களில் நடக்கிறது, சட்டப்படி தவறு. அதைச் சண்டைக்கு முதல் விஷயமாக எடுக்க வேண்டாம், சம்பளப் புகாரோடு சேர்த்து எழுதுங்கள். பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் தூதரகம் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தரும்.

முடித்து வரும்போது கம்பெனி அரபியில் ஒரு தாளை நீட்டும். "என் பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்பது அதன் சாரம். கிராஜுவிட்டி, எடுக்காத விடுமுறைச் சம்பளம், டிக்கெட் மூன்றும் கணக்கில் விழுந்த பிறகே கையெழுத்து. டிக்கெட்டை விமான நிலையத்தில் தருகிறோம், பணத்தை ஊருக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி இரவு பதினொரு மணிக்குக் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது கணக்கில் எவ்வளவு விழுந்தது, எவ்வளவு பாக்கி என்பதைத் தாளிலேயே தமிழில் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தாளைக் கொடுப்பதற்குள் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.